கிலோக் கவரிலும் எச்சரிக்கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் எங்காவது ஒரு குடோனில் தீப்பிடித்தால், மறுநாள் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது: "மின்கசிவு காரணமா என்று போலீசார் விசாரித்து வருகின்றனர்." மின்கசிவால் தீப்பிடிப்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒயரே போகாத மூலையிலும், யாரும் பீடி பற்ற வைக்காத இடத்திலும், மூட்டைக்குள்ளேயே சூடு உண்டாகித் தீயாகும் சரக்குகள் நம் ஊர்க் கடைகளில் இருக்கின்றன. அதில் ஒன்று ஹைட்ரோஸ், அதாவது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் என்ற வெள்ளைப் பொடி. சாயம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பொருள். அதன் குணம்தான் பலருக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் சென்னையில் ஒரு தனியார் பரிசோதனை ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள். இரசாயனப் பொடிகளை ஓவனில் வைத்து, அவை தானாகச் சூடேறுகின்றனவா, தீப்பற்றுகின்றனவா என்று பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. ஓய்வு பெற்ற பிறகு மதுரைக்கே வந்துவிட்டோம். என் கொழுந்தனார் காமராஜர் சாலைப் பக்கம் சாயக்கடை வைத்திருக்கிறார். கணக்கு எழுத நானும் போய் உட்காருவேன். சுங்குடிக்குச் சாயம் போடுகிறவர்கள், நூல் சாயப் பட்டறைக்காரர்கள், வீட்டிலேயே தொட்டி வைத்துத் தொழில் செய்யும் பெண்கள் என்று வருவார்கள். நாப்தால், பேஸ், காஸ்டிக், ஹைட்ரோஸ் என்று கேட்டு, ஒரு கிலோ, இரண்டு கிலோ பாலிதீன் கவரில் கட்டிக்கொண்டு போவார்கள்.

ஹைட்ரோஸ் இரும்பு டிரம்மில் வருகிறது. டிரம்மின் மேல் மேல்பாதி வெள்ளையும் கீழ்ப்பாதி சிவப்புமாக, சாய்சதுரத்தில் தீப்பிழம்பு படம் இருக்கும். பக்கத்தில் 1384 என்ற எண். உலகம் முழுக்கச் சரக்குப் போக்குவரத்தில் இந்தப் பொருளுக்கு ஐ.நா. கொடுத்திருக்கும் எண் அது. அந்தப் படத்துக்கு அர்த்தம், இது தானே தீப்பற்றக்கூடிய வகையைச் சேர்ந்தது என்பது. டிரம்மைத் திறந்து கவரில் அள்ளிப் போட்டதும் அந்தப் படம் கடையிலேயே தங்கிவிடுகிறது. வாங்கிப் போகிறவர் கையில் இருப்பது பெயர்கூட எழுதாத ஒரு வெள்ளைப் பொடி.

அது ஏன் சூடேறுகிறது? வாட் சாயம் போட்டவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. நீலச் சாயம் தண்ணீரில் கரையாது. காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் சேர்த்தால்தான் கரைந்து, தொட்டித் தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக மாறும். நூலை முக்கி எடுக்கும்போது அதுவும் பச்சையாகத்தான் வெளியே வரும். கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே காற்றுப் பட்டு நுனியிலிருந்து நீலமாக ஏறும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. தன்னிடமுள்ள எலக்ட்ரான்களைச் சாயத்துக்குக் கொடுத்து அதைக் கரைய வைப்பது ஹைட்ரோஸ். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் சாயம் பழைய நிலைக்குத் திரும்பி நூலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இதே குணம்தான் ஆபத்தும். தொட்டிக்கு வெளியே கவரில் இருக்கும்போதும் ஹைட்ரோஸ் சும்மா இருப்பதில்லை. ஈரமும் காற்றும் கிடைத்தால் அங்கேயும் வினை நடக்கிறது, சூடு வெளிப்படுகிறது. சுமார் 90 டிகிரியைத் தாண்டினால் பொடியே சிதையத் தொடங்கி, மூச்சை அடைக்கும் கந்தக டை ஆக்சைடு வாயுவை விடும். அந்தச் சிதைவும் சூட்டைக் கூட்டும். அதற்கு மேல் போனால் காற்றின் உதவியே தேவையில்லை.

இதைக் கடையில் சொன்னால் ஒரு பதில் வரும். போன மாதம்கூட ஒரு பெரியவர் சொன்னார், "ஈரக் கையில ஒரு சிட்டிகை வச்சுப் பார்த்திருக்கேம்மா, ஒண்ணும் ஆகலை. இத்தனை வருஷமா விக்கிறோம், வாங்குறோம், எதுவும் நடந்ததில்லையே." அவர் சொல்வது பொய் இல்லை. சிட்டிகையில் ஒன்றும் ஆகாது. அதை வைத்து மூட்டையைக் கணக்குப் போடுவதுதான் ஆபத்து. ஆய்வகத்தில் நான் செய்த சோதனையே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றி அமைந்ததுதான். அதனால் அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஆபத்தான சரக்குகளைச் சோதிக்க ஐ.நா. ஒரு கையேடு வைத்திருக்கிறது. அதில் என்-4 என்று ஒரு சோதனை. நுண்ணிய எஃகு வலையால் செய்த இரண்டு கனசதுரக் கூடுகள் வேண்டும். ஒன்று பக்கத்துக்கு 25 மில்லிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். மற்றது 100 மில்லிமீட்டர், சரியாக ஒரு லிட்டர் பொடி பிடிக்கும். பொடியை விளிம்பு வரை நிரப்பி, தட்டித் தட்டி அமர வைத்து, மேலே வழித்துவிட்டு, காற்று சுழலும் ஓவனுக்குள் நடுவில் தொங்கவிட வேண்டும். பொடியின் மையத்தில் சூட்டை அளக்கும் ஒரு தெர்மோகப்பிள் கம்பி, ஓவனின் காற்றுச் சூட்டைப் பார்க்க இன்னொன்று. ஓவனை 140 டிகிரியில் நிறுத்தி, 24 மணி நேரம் விட்டுவிட்டு கிராஃபைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சாதுவான பொடி என்றால் அதன் கோடு மெதுவாக ஏறி, 140-ஐத் தொட்டு, ஓவனின் கோட்டோடு சேர்ந்து படுத்துவிடும். அப்படி அல்லாத பொடி முதலில் அதே மாதிரிதான் ஏறும். அப்புறம் ஓவனின் கோட்டைக் கடக்கும். 142, 145 என்று போகும்போது பார்க்கிறவருக்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அந்த இடத்தில் ஓவன் பொடியைச் சூடாக்கவில்லை. பொடிதான் தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு கோடு செங்குத்தாக நிமிரும். ஓவனைவிட 60 டிகிரி அதிகமானாலோ, அதாவது 200-ஐத் தாண்டினாலோ, தீப்பற்றினாலோ, அது தானே சூடேறும் பொருள் என்று முடிவு. ஆறிய பிறகு கூட்டை உடைத்துப் பார்த்தால் வெளிப்பக்கம் பழைய நிறத்திலேயே இருக்கும், நடுவில் கருகியிருக்கும். வெளியே தொட்டுப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது என்பதை அந்தக் கருகிய நடுப்பகுதி எனக்குப் பல முறை காட்டியிருக்கிறது.

ஏன் இரண்டு கூடு? பெரிய கூட்டில் பொடி 64 மடங்கு அதிகம். சூட்டை வெளியே விடும் மேற்பரப்போ 16 மடங்குதான் அதிகம். சூடு உண்டாவது பொடி முழுக்க, போவது மேற்பரப்பு வழியாக மட்டும். ஆகவே குவியல் பெரிதாகப் பெரிதாக உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். ஈரம் காயாத வைக்கோலைப் படப்புப் போட்டால் உள்ளே புகைவதை நம் கிராமத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். ஒரு பிடி ஈர வைக்கோல் புகையுமா?

சில பொடிகள் பெரிய கூட்டில் மட்டும் பொங்கும், சின்னக் கூட்டில் அடங்கியிருக்கும். அவை கடைசிப் பிரிவு, மூன்று. சின்னக் கூட்டிலேயே பொங்குகிறவை அதைவிட மோசமான இரண்டாம் பிரிவு. ஹைட்ரோஸை ஐ.நா. பட்டியல் வைத்திருப்பது இரண்டாம் பிரிவில். ஆகவே "ஒரு கிலோதானே" என்ற சமாதானம் இந்தப் பொருளுக்குச் செல்லாது. அதோடு ஓவன் சோதனையில் பொடி காய்ந்திருக்கிறது. பட்டறையில் தரையே ஈரம், கை ஈரம், கரண்டி ஈரம், தகரக் கூரையில் மழைக்கு ஒழுக்கு. அக்னி நட்சத்திரத்தில் அதே தகரத்துக்கடியில் நிற்கவே முடியாத சூடு.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். யாரும் இதை வீட்டில் அடுப்பிலோ வெயிலிலோ வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். வரும் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். ஆய்வகத்தில் புகை போக்கியும் கனமான கதவும் வைத்துக்கொண்டுதான் செய்வோம்.

இந்தப் பிரச்சினை சாயத்தோடு நிற்கவில்லை. மானாமதுரை, கமுதி பக்கம் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி லாரி லாரியாகப் போகிறது. புதிதாக எடுத்த கரியும் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சூடாகும். என்-4 சோதனைக்கு 140 டிகிரி என்று வைத்ததே கரியை அளவுகோலாகக் கொண்டுதான். 27 கன மீட்டர் கரிக் குவியல் 50 டிகிரியிலேயே தானாகப் பற்றக்கூடும், அதே ஆபத்து ஒரு லிட்டர் கூட்டில் வெளிப்பட 140 டிகிரி வேண்டும் என்பது கணக்கு. ஐம்பது டிகிரி என்பது நம் பக்கத்தில் வெயிலில் நிற்கும் மூடிய கண்டெய்னருக்குள் எட்டாத சூடு இல்லை. கப்பல் சரக்கு விதிகளில் முன்பு இந்தச் சோதனையில் தேறிய கரிக்கு விலக்கு இருந்தது. கப்பல்களில் தொடர்ந்து தீப்பிடித்ததால், 2026 ஜனவரி முதல் அந்த விலக்கு போய், எல்லாக் கரியையும் ஆபத்தான சரக்கு என்றே அறிவித்து ஏற்ற வேண்டும் என்று ஆகிவிட்டது. சோதனையில் தேறிய சாம்பிளை மட்டும் நம்பி மொத்தக் குவியலையும் விட்டுவிடக் கூடாது என்று கப்பல்காரர்களே ஒத்துக்கொண்டது போலத்தான் எனக்குப் படுகிறது.

அதைவிட என்னைக் கலங்க வைத்தது அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வெல்லக் கொட்டகை. உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது பார்த்தேன். கொப்பரையில் பாகு கொதிக்கிறது. அடுப்புக்குக் கரும்புச் சக்கை, கொட்டகை முழுக்கச் சக்கையும் சோகையும். ஆவி அடித்து மூங்கில் எல்லாம் நனைந்திருக்கிறது. அந்த மூங்கிலில், அடுப்புக்கு நாலு முழம் தள்ளி, கம்பியில் ஒரு பாலிதீன் கவர் தொங்குகிறது. கவரின் வாய் திறந்தே இருக்கிறது. உள்ளே ஹைட்ரோஸ். வெல்லம் மஞ்சளாக, வெளுப்பாக வருவதற்காகப் பாகில் போடுகிறார்கள். ஈரம், சூடு, காற்று, பக்கத்திலேயே எரியக்கூடிய சக்கை எல்லாம் ஒரே இடத்தில். அங்கே வேலை செய்த பெண் அந்தக் கவருக்குக் கீழேதான் குழந்தையைத் தூங்கப் போட்டிருந்தார். நான் சொன்னதும் உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "இது வெள்ளைப் பவுடர்னுதான் தெரியும்க்கா, வேற ஒண்ணும் யாரும் சொல்லலை" என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு 70 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 70 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. அது தின்கிறவர்களுக்கான பாதுகாப்பு. கிண்டுகிறவர்களுக்கு என்ன பாதுகாப்பு? வெண்டைச் செடித் தண்டை இடித்துப் போட்டு அழுக்கெடுத்த பழைய வழக்கத்தில் இந்தப் பயம் எதுவும் இல்லை. வெல்லம் கொஞ்சம் கறுப்பாக இருந்தால் நாம் வாங்கப் பழகிக்கொள்ளலாம்.

தீயை அணைப்பதிலும் இந்தப் பொருள் எல்லோரும் நினைப்பதற்கு நேர் எதிர். கடைகளில் சிவப்பு வாளியில் மணல் வைத்திருப்பார்கள். ஹைட்ரோஸில் மணலைக் கொட்டி மூடினால் அணையாது, ஏனென்றால் ஒரு கட்டத்துக்கு மேல் அதற்குக் காற்றே தேவையில்லை. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம், அந்த ஈரமே அதற்குத் தீனி. அமெரிக்காவிலும் கனடாவிலும் தீயணைப்பு வண்டியில் வைத்திருக்கும் வழிகாட்டி நூலில், தானே தீப்பற்றும் பொருட்களின் மேல் தண்ணீர் அடிக்காதே என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ஹைட்ரோஸ் உள்ளிட்ட சிலவற்றுக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கிறார்கள்: வெள்ளமாகத் தண்ணீர் அடி, மூடி அணைக்கப் பார்க்காதே. கொஞ்சம் தண்ணீர் எமன், நிறையத் தண்ணீர் மருந்து. இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் ஒழிய, புகைக்கு நடுவில் நின்று யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

1995 ஏப்ரல் 21 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் லோடை என்ற ஊரில் ஒரு ஆலையில் ஹைட்ரோஸையும் அலுமினியப் பொடியையும் கலக்கும் கலத்துக்குள் தண்ணீர் கசிந்தது. உள்ளே சூடேறி, நெடி வந்தது. அதைக் காலி செய்யத் தொழிலாளர்கள் உள்ளே போயிருந்தபோது வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அங்கே பொறியாளர்கள் இருந்தார்கள், பொருளின் பெயரும் குணமும் தாளில் எழுதியிருந்தது. நம் சந்துகளில் அதுவும் இல்லை.

சந்து என்றதும் மதுரைக்காரர்களுக்கு 2020 தீபாவளி நினைவுக்கு வரும். விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடைக் கட்டடத்தில் பிடித்த தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர், கட்டடம் இடிந்து விழுந்து உயிரை விட்டார்கள். அது இரசாயனத் தீ இல்லை. ஆனால் நம்மைக் காப்பாற்ற உள்ளே போகிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. ஹைட்ரோஸ் இருக்கிறது, இத்தனை டிரம், இந்த மூலையில் என்று ஒரு தகடு வாசலில் மாட்ட எவ்வளவு செலவாகும்?

அபாயகரமான இரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு மத்திய விதிகள், அவற்றை வைக்கும் கலத்தின் மேல் உள்ளே இருப்பது என்ன, தயாரித்தது யார், அதன் குணம் என்ன என்று எழுதியிருக்க வேண்டும் என்கின்றன. பெரிய டிரம்மில் எழுதியும் வருகிறது. பிரித்து விற்கும்போது அந்த எச்சரிக்கையும் கவரோடு போக வேண்டும், அதுவும் தமிழில். நான் கேட்பது இவ்வளவுதான். புதிய சட்டம் வேண்டாம், புதிய அலுவலகம் வேண்டாம். மாவட்ட நிர்வாகமும் தீயணைப்புத் துறையும் சாயக்கடைக்காரர்களை ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாலே நடந்துவிடும். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை மாதிரி ஓர் இடத்திலோ, இங்குள்ள பொறியியல் கல்லூரி ஒன்றிலோ என்-4 சோதனைக்கு ஒரு ஓவன் வைத்தால், கரிக்காரர்களும் மற்றப் பொடி வியாபாரிகளும் சென்னைக்கு அனுப்பாமல் இங்கேயே பார்த்துக்கொள்வார்கள். அதற்குத் தேவை நல்ல ஓவன், வலைக் கூடுகள், இரண்டு தெர்மோகப்பிள், பதிவுக் கருவி, ராத்திரி முழுக்க விழித்திருக்க ஒரு ஆள். கற்றுக்கொடுக்க நான் வரத் தயார்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தீ விபத்துச் செய்தி எழுதும் நிருபர்கள், சேத மதிப்பு எத்தனை லட்சம் என்று கேட்கும்போதே, உள்ளே என்னென்ன சரக்கு இருந்தது, மழை ஒழுகியதா, முதலில் நெடி வந்ததா, தீ வந்ததா என்றும் கேட்டு எழுத வேண்டும். நெடி முதலில் வந்தது என்று அக்கம்பக்கத்தார் சொன்னால் அது பெரிய துப்பு.

என் கொழுந்தனார் கடையில் இப்போது ஒவ்வொரு ஹைட்ரோஸ் கவரிலும் ஒரு சீட்டை ஒட்டித்தான் கொடுக்கிறோம். கவரும் கெட்டியான இரட்டைக் கவராக மாற்றியாகிவிட்டது. ஒரு கவருக்குச் சில பைசாதான் கூடுதல். சீட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன். தாங்கள் வெளியிட்டால் மற்றக் கடைக்காரர்களும் வெட்டி எடுத்து ஜெராக்ஸ் போட்டு ஒட்டிக்கொள்வார்கள்:

"இது ஹைட்ரோஸ். எண் 1384. ஈரமும் காற்றும் பட்டால் தானே சூடாகித் தீப்பற்றும். மூடி போட்ட காய்ந்த டப்பாவில், தரையில் படாமல் பலகை மேல், நிழலில் வையுங்கள். ஈரக் கை, ஈரக் கரண்டி கூடாது. பிளீச்சிங் பவுடர், ஆசிட், நூல், பஞ்சு, சக்கை, எண்ணெய்த் துணி பக்கத்தில் வைக்காதீர்கள். தேவைக்கு மட்டும் வாங்குங்கள், மிச்சத்தைச் சேர்த்து வைக்காதீர்கள். கவர் சூடாக இருந்தாலோ, கந்தக நெடி வந்தாலோ, கட்டி தட்டிப் புகைந்தாலோ அள்ளவோ கிளறவோ போகாதீர்கள். எல்லோரும் வெளியே வந்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம், புகை உங்கள் மேல் வராதபடி நில்லுங்கள். 101-க்குப் போன் செய்து 'ஹைட்ரோஸ், நிறையத் தண்ணீர் வேண்டும்' என்று சொல்லுங்கள். மணல் போட்டு மூடாதீர்கள். ஒரு குடம், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றாதீர்கள். குழந்தைகள் இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள்."

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வு பெற்ற ஆய்வகப் பணியாளர்,
காமராஜர் சாலை, மதுரை.